லத்தீனோ குடும்பங்களுக்கான பேரன்ட்டிங் குரூப்: சைல்ட் கேர் ரூம்ல இருந்து ஒரு ரிவ்யூ

ரேட்டிங் முதல்லயே சொல்லிடறேன், அஞ்சுக்கு நாலு. டெக்சஸ்ல ஒரு சர்ச் ஹால்ல சாயங்காலம் நடக்கற குரூப் இது, மெக்சிகோ, ஹோண்டுராஸ், குவாத்தமாலான்னு அங்கங்க இருந்து வந்து குடியேறின அம்மா அப்பாங்களுக்காக, முழுக்க ஸ்பானிஷ்ல, ஃப்ரீயா நடத்தறாங்க. நோட்டீஸ்ல வன்முறைங்கற பேச்சே கிடையாது, பிள்ளைங்களை அன்பா வளர்க்கறது பத்தின வகுப்புன்னுதான் போட்டிருப்பாங்க, ஆனா காசு வர்றது வன்முறைத் தடுப்புக் கணக்குல. நான் சோஷியல் வொர்க் படிக்கறேன், என் ஸ்பானிஷ் சுமார்தான், அதனால வாலன்டியரா போனதும் குட்டிப் பசங்களைப் பாத்துக்கற ரூம்ல விட்டாங்க, போகப் போக குரூப்லயும் ஓரமா உக்காந்து கேக்க விட்டாங்க. சென்டர் பேரு சொல்லலை, ஏன்னா கீழ கொஞ்சம் திட்டப் போறேன்.

பேரன்ட்டிங் கிளாஸ் எடுத்தா வன்முறை எப்படிக் குறையும்னு எனக்கு ஆரம்பத்துல பெரிய சந்தேகம் இருந்துச்சு. இதுக்குப் பின்னாடி இருக்கற தியரி அமெரிக்காவோட ஆரிகன் மாநிலத்துல ஜெரால்ட் பேட்டர்சன்னு ஒருத்தரோடது, 1982ல அதை ஒரு முழுப் புத்தகமா எழுதினாரு. அவர் பாத்தது ரொம்ப சாதாரணமான விஷயம். அம்மா ஒரு வேலை சொல்றாங்க, பையன் கத்தறான், அம்மா சலிச்சுப் போய் விட்டுடறாங்க. கத்தினா வேலைல இருந்து தப்பிச்சுக்கலாம்னு பையன் கத்துக்கறான், விட்டுக்கொடுத்தா சத்தம் நிக்கும்னு அம்மா கத்துக்கறாங்க. அடுத்த தடவை ரெண்டு பேரும் இன்னும் ஒரு படி மேல போறாங்க, ஒரு நாள் அது அடியில போய் நிக்குது, அதே வழக்கத்தை அவன் ஸ்கூலுக்கும் எடுத்துட்டுப் போறான், அங்க நல்ல பசங்க ஒதுக்கிடறாங்க, மிச்சம் இருக்கறது இவனை மாதிரியே இருக்கற கூட்டம். இந்த சங்கிலியை சின்ன வயசுலயே வெட்டறதுக்கு பெத்தவங்களுக்குப் பயிற்சி குடுக்கற முறையை பேட்டர்சனும் மரியன் ஃபோர்காட்ச்சும் உருவாக்கினாங்க, அதை ரூபன் பார்ரா கர்தோனாங்கற ஆராய்ச்சியாளர் டெட்ராய்ட்ல லத்தீனோ குடும்பங்களுக்காக மாத்தி காபாஸ்னு பேர் வெச்சாரு. நான் போன குரூப் அச்சு அசலா அது இல்ல, ஆனா அந்த வழி வந்ததுதான்னு பாத்தாலே தெரியும்.

சரி, உள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம். ஒரு ஹோண்டுராஸ் அம்மா, ராத்திரில ஆஃபீஸ் கிளீன் பண்ற வேலை, அவங்க சொன்னாங்க, பையனுக்கு வயசு பதிமூணு, கையை ஓங்கினாலே போலீஸ் அவசர நம்பர் 911க்கு போன் பண்ணுவேன், உன்னை நாடு கடத்திடுவாங்கன்னு சொல்றானாம். ஹால்ல இருந்த பாதிப்பேரு தலையாட்டினாங்க. குரூப் நடத்தறவங்க ஒரு ப்ரொமோத்தோரா, டிகிரி வாங்கின தெரபிஸ்ட் இல்ல, அதே ஏரியாவுல இருக்கற, ஒரு காலத்துல இதே குரூப்ல உக்காந்து கத்துக்கிட்ட ஒரு அம்மா. அவங்க உடனே லெக்சர் எடுக்கல. ரெண்டு பேரை எழுப்பி ரோல் ப்ளே பண்ணச் சொன்னாங்க, ஒருத்தர் அம்மா, இன்னொருத்தர் போனை விட்டு நிமிராத பையன். அம்மாவா நடிச்சவங்க ஹாலோட அந்தப் பக்கத்துல இருந்தே ஆரம்பிச்சாங்க, பாத்திரம் கழுவலையா, உனக்காகத்தானே நான் இப்படி ஒழைக்கறேன், உங்க அப்பா மாதிரியேதான் நீயும், அப்படின்னு போய்க்கிட்டே இருக்கு. ப்ரொமோத்தோரா நிறுத்தி, இதுல அவன் செய்ய வேண்டியது எதுன்னு கூட்டத்தைக் கேட்டாங்க. ஒருத்தருக்கும் டக்குனு சொல்லத் தெரியல. அப்புறம் திரும்ப பண்ணச் சொன்னாங்க, பக்கத்துல போய், கண்ணைப் பாத்து, ஒரே வரில, ஒரே தடவை சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டு நில்லுங்கன்னு. அந்த சும்மா நிக்கற கொஞ்ச நேரம் எவ்வளவு கஷ்டம்னு அவங்க முகத்துலயே தெரிஞ்சுது. பையனா நடிச்ச அம்மா, இந்தத் தடவை எந்திரிக்கணும்னு தோணிச்சுன்னு சொல்லிட்டு அவங்களே சிரிச்சுட்டாங்க.

911 விஷயத்தை அதோட விட்டுடல, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. டெக்சஸ் சட்டப்படி நியாயமான அளவுக்கு கண்டிக்கறது குத்தம் இல்ல, அதே சமயம் குழந்தை துன்புறுத்தப்படுதுன்னு சந்தேகம் வந்தா யாரா இருந்தாலும் புகார் குடுத்தே ஆகணும், டீச்சர் டாக்டர் மட்டும் இல்ல, குரூப் நடத்தறவங்களும் நானும் எல்லாருமேதான். இதை முதல் நாளே பெத்தவங்ககிட்ட மறைக்காம சொல்லிட்டாங்க. இதைக் கேட்டா பாதிப்பேரு எந்திரிச்சுப் போயிடுவாங்கன்னு நான் நெனச்சேன், யாரும் போகல. எங்க கோடு இருக்குன்னு யாராவது தெளிவா சொன்னாலே போதும்னுதான் அவங்க இருந்திருக்காங்க போல.

கடைசி வரிசையில வேலைக்குப் போன பூட்ஸோடவே வந்து உக்கார்ற ஒரு அப்பா, கூரை போடற வேலை, ரொம்ப நாள் வாயே தெறக்கல. ஒரு நாள் திடீர்னு, எங்க அப்பா பெல்ட்டால அடிச்சுத்தான் வளத்தாரு, நான் ஒழுங்காத்தானே இருக்கேன்னு சொன்னாரு. ப்ரொமோத்தோரா மறுத்துப் பேசவே இல்ல. உங்க அப்பாகிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னா எப்படிங்க சொல்லுவீங்கன்னு கேட்டாங்க. அம்மா மூலமாத்தான்னாரு. உங்க பொண்ணு உங்ககிட்ட எப்படி வரணும்னு ஆசைப்படறீங்கன்னு அடுத்த கேள்வி. அவர் பதில் சொல்லல, தொப்பியைக் கழட்டி முட்டி மேல வெச்சுக்கிட்டாரு, குரூப் அடுத்த பேச்சுக்குப் போயிடுச்சு. அப்பாகிட்ட அம்மா மூலமாவே பேசறது நமக்கும் தெரியாத கதை இல்லையே, எனக்கு அன்னிக்கு டிரைவ் பண்ணி வீட்டுக்கு வர்ற வரைக்கும் அதே நெனப்புதான்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், கலாச்சாரத்துக்கு ஏத்த மாதிரி மாத்தின தெரபின்னு சொல்றாங்களே, அது நெஜமாவே வித்தியாசமா, இல்ல சும்மா பேருக்குத்தானா? போர்ட்டோ ரிகோவுல கியர்மோ பெர்னாலும் அவரு கூட இருந்தவங்களும் 1995ல ஒரு சட்டகம் போட்டாங்க, எட்டு விஷயத்தைப் பாக்கணும்னு, மொழி, ஆளுங்க, உவமைகள், உள்ளடக்கம், கருத்துகள், குறிக்கோள், முறை, சூழல். இதுல மொழியை மாத்தறது ஈஸி, சுவத்துல கலர் கலரா காகிதத் தோரணம் கட்டறது அதைவிட ஈஸி. அதோட நிறுத்திக்கிட்டு அடாப்டட்னு சொல்லிக்கற இடங்கள் இருக்கு. கஷ்டமானது கடைசியா இருக்கற சூழல். ஷிஃப்ட் எத்தனை மணிக்கு முடியுது, பஸ் வருமா, குட்டிப் பாப்பாவை யார்கிட்ட விட்டுட்டு வருவாங்க, சைன் பண்ற பேப்பர்ல அட்ரஸ் எழுதப் பயமா. என் கணக்குல இந்தக் குரூப் வாங்கின நாலு ஸ்டார்ல மூணு அந்த ஒரு விஷயத்துக்குத்தான். சாப்பாடு சூடா இருக்கும், சைல்ட் கேர் இருக்கும், வராதவங்களுக்கு மறுநாளே போன் போகும், அந்த போன்ல ஏன் வரலன்னு கேக்க மாட்டாங்க, வேலை எப்படிப் போகுது, பாப்பாவுக்குக் காய்ச்சல் எறங்கிச்சான்னுதான் பேச்சு ஆரம்பிக்கும்.

இதை நான் சும்மா உணர்ச்சிவசப்பட்டு சொல்லல, மயாமில ஹோசே சபோஸ்னிக் குழு 1988லயே காட்டின விஷயம். அவங்க 1970கள்ல க்யூபாவுல இருந்து வந்த குடும்பங்களோட வேலை செய்ய ஆரம்பிச்சவங்க, பசங்க அமெரிக்கப் பழக்கத்துக்கு வேகமா மாறிடறாங்க, பெத்தவங்க மெதுவா மாறறாங்க, அந்த இடைவெளியே சண்டையா வெடிக்குதுன்னு பாத்து, சுருக்கமா முடியற ஒரு ஃபேமிலி தெரபியை உருவாக்கினாங்க. ஆனா குடும்பம் வந்தாத்தானே தெரபி? போதைப் பழக்கம் இருக்கற பசங்களோட 108 ஹிஸ்பானிக் குடும்பங்களை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பக்கம் வழக்கம் போல அப்பாயின்ட்மென்ட், இன்னொரு பக்கம் முதல் போன் கால்லயே தெரபியை ஆரம்பிச்ச மாதிரி, யாரு வர மாட்டேங்கறாங்க, ஏன், அவரை நேரா போய்ப் பாக்கலாமான்னு மெனக்கெட்டாங்க. வழக்கமான பக்கத்துல 42 சதவீதம் குடும்பங்கதான் உள்ள வந்தாங்க, மெனக்கெட்ட பக்கத்துல 93 சதவீதம். கடைசி வரை முடிச்சவங்க வழக்கமான பக்கத்துல 25 சதவீதம், மெனக்கெட்ட பக்கத்துல 77 சதவீதம். தெரபியோட தரத்தைப் பத்தி நாம சண்டை போடறதுக்கு முன்னாடியே பாதிக்கு மேல ஆளுங்க வாசல்லயே போயிடறாங்கன்னு அர்த்தம்.

அதே குழு 1989ல போட்ட இன்னொரு ஸ்டடி எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதிகம் பேரு பேச மாட்டாங்க. ஆறுல இருந்து பன்னண்டு வயசுக்குள்ள 69 பையனுங்க, சிலருக்குக் குடும்பத்தோட தெரபி, சிலருக்குப் பையனை மட்டும் தனியா வெச்சு, இன்னும் சிலருக்கு தெரபியே இல்லாம சும்மா பொழுதுபோக்கு. தெரபி ரெண்டுமே பையனோட பிரச்சனையைக் குறைச்சுது. ஆனா ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா, குடும்பத்தோட செஞ்ச இடத்துல குடும்பம் முன்னேறியிருந்துச்சு, பையனை மட்டும் தனியா சரி பண்ண இடத்துல குடும்பம் மோசமாயிருந்துச்சு. பையனை மட்டும் கூட்டிட்டுப் போய் சரி பண்ணிக் குடுங்கன்னு கேக்கற பெத்தவங்க எந்த ஊர்லயும் உண்டு, அவங்களுக்கு இதைக் காட்டணும்.

அப்போ கலாச்சாரத்துக்கு ஏத்த மாதிரி மாத்தினா எப்பவும் பெட்டரா? இல்ல, இங்கதான் விளம்பரம் கொஞ்சம் அதிகமாப் போகுது. சான் டியேகோவுல கிறிஸ்டன் மெக்கேபும் மே யேவும், பெத்தவங்க காதுல சின்ன ஸ்பீக்கர் மாட்டி, கண்ணாடிக்குப் பின்னாடி இருந்து தெரபிஸ்ட் சொல்லிக் குடுக்கற ஒரு சிகிச்சையை மெக்சிகன் அமெரிக்கக் குடும்பங்களுக்காக மாத்தி கானான்னு பேர் வெச்சாங்க, 2009ல வந்த ரிசல்ட்ல 58 குடும்பம். வழக்கமா கிளினிக்ல கிடைக்கற கவனிப்பைவிட கானா தெளிவா ஜெயிச்சுது. ஆனா மாத்தாத ஒரிஜினலோட வெச்சுப் பாத்தா பெருசா வித்தியாசம் இல்ல. காபாஸ்ல வேற மாதிரி கேட்டாங்க, மொழியையும் உதாரணத்தையும் மட்டும் மாத்தின வெர்ஷன் ஒண்ணு, அதுக்கு மேல குடியேற்றம், பாகுபாடு, ரெண்டு கலாச்சாரத்துக்கு நடுவுல பிள்ளை வளர்க்கறதுன்னு வெளிப்படையாப் பேசற வெர்ஷன் இன்னொண்ணு, 103 குடும்பம், 2017ல பப்ளிஷ் ஆச்சு. ரெண்டுமே வளர்ப்பு முறையை மாத்திச்சு, ஆனா பசங்க உள்ளுக்குள்ளயே வெச்சுக்கற பயம், சோகம் இதெல்லாம் குறைஞ்சதுல ரெண்டாவது முன்னாடி நின்னுது. எனக்கு இது நியாயமாப் படுது, பாத்திரம் கழுவ வைக்கற டெக்னிக்குக்கு மெக்சிகோ ஆரிகன்னு பேதம் தேவையில்ல, ஆனா அப்பா வேலைக்குப் போனா திரும்ப வருவாரான்னு ராத்திரி தூங்காத குழந்தைக்கு டெக்னிக் மட்டும் பத்தாது. மேல சொன்ன மயாமி ஃபேமிலி தெரபியையே 480 டீனேஜர்களோட எட்டு சென்டர்ல வெச்சு செஞ்சு 2011ல ரிசல்ட் விட்டாங்க, குடும்பங்களைப் பிடிச்சு வெச்சுக்கறதுல நல்லா இருந்துச்சு, ஆனா போதைப் பழக்கத்தோட போக்குல எதிர்பார்த்த அளவுக்கு வித்தியாசம் தெரியல. லேப்ல ஜெயிச்சது தெருவுல அதே மார்க் வாங்காது, புது ஆளுங்க, வேற பயிற்சி, வேற சம்பளம்.

இப்ப திட்டு. லத்தீனோன்னு ஒரே மூட்டையாக் கட்டிடறாங்க, அதான் முதல் கோவம். எங்க குரூப்ல ஒரு குவாத்தமாலா அம்மா, வீட்ல பேசறது மாம் மொழி, அது மாயா மொழிகள்ல ஒண்ணு, ஸ்பானிஷ் அவங்களுக்கே ரெண்டாவது மொழி, படிக்க வராது. ஆராய்ச்சிக்குன்னு பக்கம் பக்கமா ஸ்பானிஷ் கேள்வித்தாள் குடுத்துட்டாங்க. உதவிக்கு யாரும் இல்லாம, சைல்ட் கேர் ரூம்ல எங்கிட்ட கலரிங் பண்ணிட்டு இருந்த அவங்க பொண்ணையே கூப்பிட்டுப் போய் படிச்சுக் காட்டச் சொன்னாங்க. அந்தப் பேப்பர்ல இருக்கற கேள்வி எல்லாம் அந்தப் பொண்ணைப் பத்தினது, உங்க குழந்தை பொய் சொல்லுதா, திருடுதா, மத்த குழந்தைங்களை அடிக்குதான்னு. அது படிக்குது, அம்மா பதில் சொல்றாங்க, அதுவே டிக் போடுது. கலாச்சாரத்துக்கு ஏத்ததுன்னு பேர் வெச்ச ஒரு ப்ரோக்ராம்ல இதைப் பாத்தப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது, சொன்னேன், அடுத்த தடவை ஆள் ஏற்பாடு பண்றோம்னாங்க, பண்ணல. அஞ்சாவது ஸ்டார் அங்கயே போச்சு.

டீனேஜ் பசங்களைத் தனியா வேற ரூம்ல உக்கார வெச்சு பீட்சா குடுத்து நேரம் போக்கறாங்க, அதுவும் வீணாத்தான் எனக்குத் தெரியுது. நார்த் கரோலைனாவுல பால் ஸ்மோகோவ்ஸ்கி குழு நடத்தின எந்த்ரே தோஸ் முந்தோஸ்ங்கற ப்ரோக்ராம்ல பெத்தவங்களும் பசங்களும் ஒரே ஹால்ல, பல குடும்பங்க சேர்ந்து, எட்டு செஷன், நடிச்சுப் பாத்து பேசறாங்க. அம்மா வேஷத்துல பையன் நிக்கறதைப் பாக்கற வாய்ப்பு எங்க குரூப்ல கிடையாது.

காசு விஷயம் இன்னும் மோசம். கிரான்ட் முடிஞ்சா குரூப் முடிஞ்சுது. ப்ரொமோத்தோராவுக்கு மணிக்கணக்குல சம்பளம், இன்ஷூரன்ஸ் இல்ல, மொத்த ப்ரோக்ராமும் அவங்க போன்ல இருக்கற கான்டாக்ட் லிஸ்ட்லதான் ஓடுது, அவங்க வேற வேலைக்குப் போனா கட்டடமும் மேனுவலும் மட்டும்தான் மிஞ்சும். அப்புறம் 2025 ஜனவரில ஸ்கூல், சர்ச் மாதிரி இடங்கள்ல குடியேற்ற அதிகாரிங்க கைது நடவடிக்கையைத் தவிர்க்கணும்னு இருந்த வழிகாட்டுதலை அமெரிக்க அரசு வாபஸ் வாங்கிடுச்சு. சர்ச் ஹால்னா சேஃப்னுதான் ஜனங்க வந்துட்டிருந்தாங்க. அதுக்கப்புறம் சேர் காலியா கிடக்க ஆரம்பிச்சுது, வர்றவங்களும் கார்ல ஒருத்தரை உக்கார வெச்சுட்டுதான் உள்ள வந்தாங்க. இதுக்கு சென்டரைக் குறை சொல்ல மாட்டேன், ஆனா சூழல்னு பெர்னால் எழுதினது எவ்வளவு பெரிய விஷயம்னு அப்பதான் உறைச்சுது.

ஒண்ணு ரொம்ப அழுத்திச் சொல்றேன். வீட்ல கணவன் மனைவியை அடிக்கற நெலமைல இந்தக் குரூப் மருந்து இல்ல. ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வெச்சு மனசு விட்டுப் பேசுங்கன்னா, வீட்டுக்குப் போனதும் அவ பேசினதுக்கு அடி விழும். அதுக்கு வேற அமைப்பு வேணும். அட்லாண்டாவுல 1990ல ஹூலியா பெரிய்யா தொடங்கின கமினார் லத்தீனோவுல பெண்களுக்கு ஒரு குரூப், அடிச்ச ஆண்களுக்கு ஒரு குரூப், பிள்ளைங்களுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வெச்சாங்க, பெண்களோட பாதுகாப்பை நடுவுல வெச்சு மத்ததை அதைச் சுத்தி அமைச்சாங்க. குடியேற்றப் பேப்பர் இல்லாத பெண்களுக்குப் போலீஸ்ன்னாலே பயம், ஆனா அவங்களுக்கும் வழி இருக்குன்னு நெறைய பேருக்குத் தெரியாது. 1994ல வந்த பெண்களுக்கெதிரான வன்முறைச் சட்டத்துல, அமெரிக்கக் குடிமகனோ கிரீன் கார்டு வெச்சிருக்கறவரோ கொடுமைப்படுத்தினா, அவருக்குத் தெரியாமயே மனைவி தனியா விண்ணப்பிக்கலாம். 2000ல வந்த யூ விசா, குத்தத்துல பாதிக்கப்பட்டு விசாரணைக்கு உதவறவங்களுக்கு, வருஷத்துக்கு 10,000 பேருக்குத்தான், க்யூ பல வருஷம் நீளம், இருந்தாலும் விண்ணப்பம் போட்டு வைக்கறது வேற, ஒண்ணுமே தெரியாம இருக்கறது வேற. எங்க குரூப்ல இதை ஒரு துண்டுச் சீட்டா லேடீஸ் பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வெச்சிருந்தாங்க, கிழிச்சு எடுத்துக்கற மாதிரி நம்பரோட. வாரா வாரம் சில சீட்டு கொறஞ்சிருக்கும். யார் எடுத்தாங்கன்னு யாரும் கேக்கறதில்ல. அமெரிக்காவுல எங்க இருந்தாலும் 1-800-799-7233 தேசிய ஹாட்லைன், ஸ்பானிஷ்லயும் பேசுவாங்க.

ஹாலுக்கு வர முடியாதவங்களுக்கு ஆன்லைன் வழியும் ஆராய்ச்சில வந்திருக்கு. மயாமியோட ஃபமிலியாஸ் உனிதாஸ்ங்கற குடும்ப ப்ரோக்ராம்ல வழக்கமா எட்டு குரூப் செஷன், நாலு தடவை குடும்பத்தோட தனியாப் பேச்சு. அதை நெட்டுக்கு மாத்தினப்ப குரூப் பகுதியை முன்னாடியே ஷூட் பண்ணி, உள்ள ஒரு தெலெநொவேலா சீரியல் வெச்சுட்டாங்க, குடும்பப் பேச்சு மட்டும் வெப்கேம்ல நேரடி. சீரியல் பாக்கற மாதிரியே பாக்கலாம்ங்கறது கெட்டிக்கார ஐடியா, நைட் ஷிஃப்ட் ஆளுங்களுக்கு உபயோகம். ஆனா சூடான சாப்பாடும், பக்கத்து சேர்ல தலையாட்டற இன்னொரு அம்மாவும் அதுல கெடைக்காது, எனக்கு அது பெரிய நஷ்டமாப் படுது.

யாருக்கு சொல்லுவேன்னா, பிள்ளைங்க நாலுல இருந்து பன்னண்டு வயசுக்குள்ள இருந்தா யோசிக்காமப் போகச் சொல்லுவேன், அதுக்கு மேல போனா பசங்களையும் சேத்து உக்கார வைக்கற குரூப்பாத் தேடச் சொல்லுவேன். நீங்க சமூக சேவை, ஸ்கூல் கவுன்சிலிங்னு இந்த லைன்ல இருந்து குடும்பங்களை அனுப்பறவங்கன்னா, அனுப்பறதுக்கு முன்னாடி போன் பண்ணி நாலு கேள்வி கேளுங்க. சைல்ட் கேர் இருக்கா, எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும், ஸ்பானிஷ் இல்லாத மாம், கிச்சே மாதிரி மொழிக்கு ஆள் இருக்கா, கேள்வித்தாளை யார் படிச்சுக் காட்டுவாங்க. நான் போன இடத்துல சோஷியல் செக்யூரிட்டி நம்பர் (அரசாங்க அடையாள நம்பர்) கேக்கறதில்ல, பேர்கூட முதல் பேர் போதும், ஆறு மணின்னு போட்டிருந்தாலும் ஆறரைக்குத்தான் ஆரம்பிப்பாங்க, லேட்டா வந்தாலும் தட்டுல சாப்பாடு எடுத்து மூடி வெச்சிருப்பாங்க.